சயாம் இருப்புப் பாதையும் சிறைப்பட்டோர் நினைவுகளும்



மீட்டர் அகலத் தண்டவாளத்தை உங்களில் பலர் கண்ணால் கண்டிருக்க மாட்டீர்கள். இரு தண்டவாளங்களுக்கும் இடையே ஒரு மீட்டர், அதாவது மூன்றடி மூன்றரை அங்குலத்துக்குச் சற்றுக் குறைய இருக்கும். விருத்தாசலம் சந்திப்பின் வழியே விழுப்புரத்துக்கும் திருச்சிராப்பள்ளிக்கும் சேலத்துக்கும் கடலூருக்கும் சென்ற புகைவண்டிகள் யாவும் இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதி வரையில் இந்த அகலத்துப் பாதையிலேயே ஓடின. மலேயா, சயாம், பர்மா ஆகிய நாடுகளிலும் இதே அகலமே வழங்கிற்று. இரண்டாம் உலகப் போரின்போது சயாமையும் பர்மாவையும் இணைத்து ஜப்பானியர் 415 கிலோமீட்டர் நீளத்துக்கு ஓர் இருப்புப் பாதை அமைத்தனர். அதன் அகலமும் ஒரு மீட்டர்தான். அதனை அமைத்த கைகள் சிறைப்பட்ட போர்வீரர்களுடையவை. அவற்றோடு, பல்லாயிரம் தமிழர்களுடையவை. அவ்விரு சாராரின் நினைவுகளைப் பற்றியே இன்று பேச எண்ணுகிறேன்.

முதலில் போர்க்கைதி என்னும் சொல்லை விளங்கிக்கொள்வோம். போரில் ஆயுதத்தைக் கீழே வைத்துவிட்ட வீரன் குற்றவாளி அல்லன். அவனைச் சிறைப்படுத்தி வைப்பது, அவன் மீண்டும் போர்முனைக்குத் திரும்பாதிருக்கும் பொருட்டேயன்றித் தண்டிக்கும் பொருட்டன்று. 1907ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கையும் 1929ஆம் ஆண்டின் ஜெனீவா உடன்படிக்கையும் இதனைத் தெளிவாகக் கூறின. கைதிகளான சாதாரண வீரர்களிடம் வேலை வாங்கலாம். ஆனால் அந்த வேலை போர் நடவடிக்கைகளோடு தொடர்புடையதாக இருத்தல் கூடாது. அவர்களுடைய ஆற்றலுக்கு மீறியதாகவும் இருத்தல் கூடாது. ஜப்பான் 1929ஆம் ஆண்டு உடன்படிக்கையில் கையொப்பம் இட்டதே தவிர, அதனை உறுதி செய்யவில்லை. 1942இல், வேண்டிய மாற்றங்களுடன் அதனைப் பின்பற்றுவோம் என்று வாக்களித்தது. அந்த வாக்கு எவ்வாறு காக்கப்பட்டது என்பதற்கு இந்த இருப்புப் பாதையே சான்று.

1942 பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூர் வீழ்ந்தது. புக்கிட் தீமாவிலிருந்த போர்டு மோட்டார்த் தொழிற்சாலையில் ஆங்கிலத் தளபதி பெர்சிவல், ஜப்பானியத் தளபதி யமாஷித்தாவிடம் சரணடைந்தார். ஆங்கிலேய வீரர்களும் ஆஸ்திரேலிய வீரர்களும் சாங்கிக்கு அனுப்பப்பட்டனர். இந்திய வீரர்கள் இரண்டு நாள் கழித்து, பாரர் பூங்கா என்னும் திடலில் தனியே கூட்டப்பட்டனர். ஏறத்தாழ நாற்பத்தையாயிரம் பேர் அங்கே கூடியிருந்தனர் என்பர். ஆங்கிலேய அதிகாரி ஒருவர் அவர்களை ஜப்பானியரிடம் ஒப்படைத்துவிட்டுச் சென்றார். அதன்பின் புஜிவாரா பேசினார், மோகன்சிங் பேசினார், இந்திய தேசிய இராணுவத்தின் விதை அன்று ஊன்றப்பட்டது. சேர்ந்தவர் பலர்; சேராதவரும் பலர். சேர்ந்தவர்கள் நாட்டுப் பற்றால் சேர்ந்தார்கள், சேராதவர்கள் அடிமைப் புத்தியால் மறுத்தார்கள் என்று சிலர் எளிதாகக் கூறிவிடுகின்றனர். எனக்கு அது உடன்பாடன்று. எடுத்த உறுதிமொழியை மீறலாகாது என்று எண்ணிப் பட்டினி கிடந்தவனும் வீரனே. தாய்நாட்டின் விடுதலைக்காகத் துப்பாக்கியைத் திருப்பிப் பிடித்தவனும் வீரனே.

இனி இருப்புப் பாதைக்கு வருவோம். பர்மாவில் இருந்த ஜப்பானியப் படைக்கு உணவும் வெடிமருந்தும் சிங்கப்பூரைச் சுற்றி மலாக்கா நீரிணை வழியாக இரங்கூனுக்குக் கப்பலில் செல்ல வேண்டியிருந்தது. நேச நாடுகளின் நீர்மூழ்கிக் கப்பல்கள் அவ்வழியை அபாயமுடையதாக்கின. ஆகவே சயாமில் பான்போங்கிற்கு அருகிலிருந்து, மூன்று பகோடாக் கணவாய் வழியாக, பர்மாவில் தான்பியூசயாத் வரையில் தரைவழியே பாதை போடுவதெனத் துணிந்தனர். இந்த வழியை ஆங்கிலேயர் முன்பே ஆராய்ந்து, மலையும் காடும் மழையும் காய்ச்சலும் மிகுதி என்று கைவிட்டிருந்தனர். சயாம் நாடு 1939லேயே தாய்லாந்து எனப் பெயர் மாற்றிக்கொண்டது. எனினும் நம் மக்கள் நாவில் சயாம் என்னும் பெயரே நிலைத்துவிட்டது. நானும் அதனையே ஆள்கிறேன்.

1942ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் வேலை தொடங்கிற்று. இரு முனைகளிலிருந்தும் வந்த பாதைகள் 1943 அக்டோபர் மாதத்தில் சந்தித்தன. ஓராண்டும் சில திங்களுமே ஆயிற்று. இயந்திரங்கள் மிகக் குறைவு. கூடையும் மண்வெட்டியும் சம்மட்டியும் உளியும் கொண்டு, மனிதத் தோள்களாலேயே அது முடிந்தது. மலேயாவின் கிழக்குக் கரைப் பாதையிலிருந்து பெயர்த்த தண்டவாளங்களும் இங்கே கொண்டுவந்து போடப்பட்டன. கொன்யு என்னுமிடத்தில் பாறை மலையைப் பிளந்து வழி செய்யவேண்டி இருந்தது. ஒருவன் உளியைப் பிடித்திருக்க, மற்றவன் சம்மட்டியால் அடிப்பான். குழி போதிய ஆழம் ஆனதும் மருந்திட்டு வெடிப்பார்கள். சிதறிய கற்களைக் கையால் அள்ளுவார்கள். 1943இல் பணியை விரைவுபடுத்தியபோது இரவிலும் வேலை நடந்தது. மூங்கில் தீயும் எண்ணெய் விளக்கும் எரியும் வெளிச்சத்தில் எலும்புந் தோலுமான உருவங்கள் அசைவதைக் கண்ட கைதிகள் அவ்விடத்துக்கு நரகத் தீக் கணவாய் என்று பெயரிட்டனர்.

ஆங்கிலேயர், ஆஸ்திரேலியர், டச்சுக்காரர், அமெரிக்கர் ஆகிய நேச நாட்டுக் கைதிகள் அறுபதினாயிரத்துக்கு மேற்பட்டோர் இப்பாதையில் உழைத்தனர். பன்னீராயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். 1943 ஏப்ரலில் சாங்கியிலிருந்து அனுப்பப்பட்ட 'எப்' அணி என்னும் ஏழாயிரவர் கூட்டத்தில் மட்டும் மூவாயிரத்துக்கு மேற்பட்டோர் திரும்பவில்லை.

அவர்கள் எதனால் இறந்தனர்? அடியினால் இறந்தவர் உண்டு. ஆயினும் பெரும்பாலோரைக் கொன்றவை பசியும் நோயும். தீட்டிய வெள்ளரிசிச் சோறும் காய்கறி மிதக்கும் நீரும் உணவு. அதனால் பெரிபெரி என்னும் வீக்க நோய் வந்தது. தவிட்டைத் தின்றால் அந்நோய் தணியும் என்பதைக் கைதி மருத்துவர்கள் அறிந்திருந்தனர். ஆகவே நம்மூரில் மாட்டுக்குக் கரைத்து வைக்கும் தவிட்டை அங்கே படைத்தலைவர்கள் கரண்டியால் அளந்து உண்டார்கள். மூங்கில் முள் கீறிய சிறு புண், சில நாளில் முழங்காலிலிருந்து கணுக்கால் வரையில் அழுகிப் பரவும். மயக்க மருந்து போதாமல் கரண்டியாலேயே அழுகல் சதையைச் சுரண்டினர். முடியாதபோது காலையே அறுத்தெடுத்தனர். வாந்திபேதி பரவியபோது, உப்பையும் காய்ச்சி வடித்த நீரையும் கொண்டு உப்பு நீர் செய்து, மெல்லிய மூங்கில் குழாயை ஊசியாகச் சீவி இரத்தக் குழாயில் ஏற்றினர். எட்வர்டு டன்லப் என்னும் ஆஸ்திரேலிய அறுவை மருத்துவர் இத்தகைய முகாம்களில் பணியாற்றியவர். அவர் மறைவாக எழுதிவந்த நாட்குறிப்பு 1986இல் நூலாக வெளிவந்தது. பூன்போங் என்னும் சயாம் வணிகர் தம் உயிரைப் பணயம் வைத்து முகாம்களுக்குள் மருந்து சேர்ப்பித்ததையும் கைதிகள் நன்றியோடு எழுதியிருக்கிறார்கள்.

கவனியுங்கள். நான் இப்பொழுது சொன்ன செய்திகள் எல்லாம் நமக்கு எவ்வாறு தெரியும்? எழுதப்பட்டதனால் தெரியும். நாட்குறிப்பு வைத்திருப்பது கடுந்தண்டனைக்குரிய குற்றமாக இருந்தும் அவர்கள் எழுதினர், படம் வரைந்தனர், மூங்கில் குழாய்களில் ஒளித்தனர். ஊர் திரும்பியபின் அவர்களுக்கு ஓய்வூதியம் இருந்தது, சங்கங்கள் இருந்தன, பதிப்பகங்கள் இருந்தன. அப்படியிருந்தும் பலர் உடனே பேசிவிடவில்லை. எரிக் லோமாக்ஸ் என்பவர் மறைவாக வானொலிப் பெட்டி செய்ததற்காகச் சித்திரவதை செய்யப்பட்ட அதிகாரி. அவர் அரை நூற்றாண்டு கழித்து, 1993இல், தம்மை விசாரித்தபோது மொழிபெயர்ப்பாளராக இருந்த நகாசே தகாஷியைக் குவாய் ஆற்றங்கரையில் சந்தித்துக் கைகுலுக்கினார். 1995இல்தான் அவருடைய நூல் வந்தது. சிறைப்பட்டவனுடைய நினைவு காலந்தாழ்த்தியே வாய்திறக்கும் என்பதை மறவாதீர்கள்.

நம்மூர்ப் பீங்கான் தொழில்நுட்பம் பயிலும் மாணவர்களுக்கு ஒன்று நன்றாகத் தெரியும். பச்சைக் களிமண்ணில் பதிந்த விரல் ரேகை, சூளையில் வெந்துவிட்டால் ஆயிரம் ஆண்டுக்கும் அழியாது. அதே பாண்டம் வேகாமல் வெளியே கிடந்தால், ஒரு மழைக்குக் கரைந்து சேறாகிவிடும். வெள்ளைக்காரக் கைதிகளின் நினைவு சூளைக்குள் சென்ற பாண்டம். தமிழர்களின் நினைவு பெரும்பாலும் மழையில் நின்றது.

மலேயாவின் இரப்பர்த் தோட்டங்களில் வேலை செய்த தமிழர்கள் தென்னார்க்காடு, தஞ்சை, திருச்சி, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து கங்காணிகளால் அழைத்துச் செல்லப்பட்டவர்களும் அவர்களுடைய மக்களுமாவர். நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கில் இறங்கியவர்கள். போர் வந்ததும் இரப்பர் ஏற்றுமதி நின்றது, தோட்டங்களில் வேலையும் நின்றது, அரிசியும் கிடைக்கவில்லை. மூன்று மாத வேலை, நாட்கூலி ஒரு வெள்ளி, உணவும் உறைவிடமும் இலவசம் என்று ஜப்பானியர் அறிவித்தபோது சிலர் தாமாகவே சென்றனர். சென்றவர் திரும்பாதிருக்கவே பிறர் அஞ்சினர். பின்னர்த் தோட்டந்தோறும் இத்தனை தலை என்று கணக்கு வைத்துப் பிடித்தனர். இலவசப் படக்காட்சி என்று கூட்டி, கொட்டகைக் கதவை அடைத்து, உள்ளிருந்த ஆண்களை அப்படியே லாரிகளில் ஏற்றிச் சென்றதாக மீண்டுவந்தோர் பலர் கூறியிருக்கின்றனர். கணவனைத் தேடிப் பெண்களும் பிள்ளைகளும் சென்றதுண்டு.

மலேயாவிலிருந்து இவ்வாறு கொண்டுபோகப்பட்டோர் எழுபதினாயிரத்துக்கு மேல்; அவர்களுள் பெரும்பகுதியினர் தமிழர். பர்மியர், ஜாவானியர், சீனர், மலாய்க்காரர் ஆகியோரையும் சேர்த்தால் ஆசியத் தொழிலாளர் தொகை இரண்டு இலட்சத்தை எட்டும் அல்லது மிஞ்சும் என்பர். மாண்டவர் எத்தனை பேர் என்பதில் ஆராய்ச்சியாளர்களிடையே கருத்து வேற்றுமை உண்டு. தொண்ணூறாயிரம் என்போரும் அதனினும் மிகுதி என்போரும் உளர். கைதிகளில் ஐவரில் ஒருவர் மாண்டார் என்றால், மலேயாத் தொழிலாளரில் மூவரில் ஒருவருக்குக் குறையாமல் மாண்டனர். இங்கே ஒரு கேள்வி எழுகிறது. ஒரே காடு, ஒரே மழை, ஒரே அரிசி, ஒரே பிரம்படி. வெப்பநாட்டுக்குப் பழகாத வெள்ளையரைவிட, பழகிய தமிழர் மிகுதியாக இறப்பானேன்?

விடை மிகவும் எளிது. கேட்கும்போது நெஞ்சைச் சுடுவது. போர்வீரர்களுக்கு அணி இருந்தது, அதிகாரி இருந்தார், மருத்துவர் இருந்தார். கழிப்பிடக் குழி எங்கே வெட்டுவது, உண்கலத்தைக் கொதிநீரில் முக்கி எடுத்த பிறகே சோறு வாங்குவது, காய்ச்சாத நீரை ஒரு வாயும் பருகாதிருப்பது ஆகியவற்றை அவர்கள் கட்டளையாகப் பெற்றிருந்தனர். தோட்டத் தொழிலாளர்களுக்குச் சொல்வார் யாருமில்லை. பல தோட்டங்களிலிருந்து வந்தோரை ஒரே கொட்டகையில் அடைத்தனர். தாகம் எடுத்தது; ஆற்றில் தண்ணீர் ஓடிற்று; குடித்தார்கள். 1943இன் மழைக்காலத்தில் வாந்திபேதி ஒரு முகாமிலிருந்து மறுமுகாமுக்கு அந்த ஆற்றுநீரின் வழியாகவே இறங்கி வந்தது. உயிர் முழுதும் போகாதவர்களையும் பிணங்களோடு குழியிலிட்டதைக் கண்ணால் கண்டதாகச் சொன்னவர்கள் உண்டு.

நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் தெருவில் மலேயாக்காரர் என்று அழைக்கப்பட்ட முதியவர் ஒருவர் இருந்தார். எவர் வீட்டுக்குச் சென்றாலும் அவர் தண்ணீர் குடிக்கமாட்டார். சாதி பார்க்கிறார் என்று தெருவார் பேசிக்கொண்டனர். வெந்நீர் கொடுத்தால் வாங்கிக் குடிப்பார். காரணத்தை அவர் எவரிடமும் சொன்னதில்லை, நாங்களும் கேட்டதில்லை. ஆசிரியனாகி இந்தப் போரின் வரலாற்றைப் படித்தபோதுதான் அவர் மறுத்த செம்புத் தண்ணீர் எனக்கு விளங்கிற்று. பாடநூலில் இந்தப் பாதையைக் குறித்து இரண்டு வரிகூட இல்லாத காலம் அது.

இந்தியப் போர்வீரர்கள் என்ன ஆனார்கள் என்று கேட்பீர்கள். அவர்களைச் சயாம் பாதைக்கு மிகுதியாகக் கொண்டுபோகவில்லை. இந்திய தேசிய இராணுவத்தில் சேராதிருந்தவர்களில் பல்லாயிரவரைக் கப்பலின் அடித்தட்டில் அடைத்து, நியூகினி, நியூபிரிட்டன், பலாவு முதலிய பசிபிக் தீவுகளுக்கு அனுப்பினர். அங்கே விமானத் தளம் அமைத்தல், மூட்டை சுமத்தல், பதுங்குகுழி வெட்டுதல் ஆகியவற்றில் ஈடுபடுத்தினர். எல்லைப்புறப் படைப்பிரிவைச் சேர்ந்த ஜமேதார் சிந்த் சிங் 1943இல் ஏறத்தாழ மூவாயிரம் பேரோடு நியூகினியின் வீவாக் கரையில் இறங்கியவர். போர் முடிந்தபோது மிகச் சிலரே எஞ்சினர். அவரோடு மீட்கப்பட்ட தோழர் பதின்மர், தாயகம் திரும்பும் வழியில் 1945 நவம்பரில் விமான விபத்தில் மாண்டனர். போர்க்குற்ற விசாரணையில் சாட்சி சொல்வதற்காகப் பின்தங்கியிருந்த அவர் ஒருவரே தப்பினார். அவர் எழுதிவைத்திராவிட்டால் அந்த மூவாயிரவரைப் பற்றி நாம் பெரிதும் அறிந்திருக்க மாட்டோம்.

சிங்கப்பூரில் 1946 ஜனவரியில் தொடங்கிய முதல் போர்க்குற்ற விசாரணையும் இந்திய வீரர்களைப் பற்றியதே. கோசாவா என்னும் அதிகாரியும் ஒன்பது பேரும் கூண்டில் நின்றனர். பலாவுத் தீவுக்குக் கொண்டுபோன இந்தியரைப் பட்டினியிட்டு அடித்தனர் என்பது குற்றச்சாட்டு. இவர்கள் போர்க்கைதிகளே அல்லர், எங்களோடு சேர்ந்துவிட்டவர்கள் என்று எதிர்வாதம் செய்தனர். ஒரு சொல்லின் ஆற்றலை இங்கே காணலாம். கைதி என்றால் அவனைச் சட்டம் காக்கும். தொழிலாளி என்றோ துணைப்படை என்றோ பெயரை மாற்றிவிட்டால், சட்டம் வாயிற்படியிலேயே நின்றுவிடும். சயாம் பாதையில் தமிழருக்கு நேர்ந்ததும் இதுவே. அவர்கள் போர்க்கைதிகள் அல்லர், கூலிகள். 1951ஆம் ஆண்டின் சான் பிரான்சிஸ்கோ உடன்படிக்கை, துன்புற்ற போர்க்கைதிகளுக்குச் செஞ்சிலுவைச் சங்கத்தின் வாயிலாக இழப்பீடு வழங்க வகை செய்தது. கூலிகளைப் பற்றி அப்பிரிவில் ஒரு சொல்லும் இல்லை. இந்தியா 1952இல் ஜப்பானோடு தனி உடன்படிக்கை செய்துகொண்டு, இழப்பீட்டுக் கோரிக்கையையே விட்டுக்கொடுத்தது. நட்பு கருதிச் செய்த பெருந்தன்மை என்று அதனைப் பாராட்டுவோர் உண்டு. தோட்டத்துத் தமிழனைக் கேட்டுக்கொண்டு செய்ததன்று என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

இன்னொரு செய்தி. இந்தப் பாதை முடிந்தபின், இந்திய தேசிய இராணுவத்தினர் பலர் மலேயாவிலிருந்து பர்மாப் போர்முனைக்கு இதன் வழியாகவே சென்றனர். அந்த வண்டிகளிலும் மலேயாத் தமிழ் இளைஞர்கள் இருந்தார்கள். ஒரே தோட்டத்தின் பிள்ளைகளில் ஒருவன் தண்டவாளத்தின் மேலும் மற்றொருவன் அதன் கீழுமாக இருந்திருக்கலாம்.

படம் பார்ப்போர்க்கு ஒரு சொல். பியர் பூல் என்னும் பிரெஞ்சுக்காரர் 1952இல் எழுதிய கதையைக் கொண்டு 1957இல் குவாய் ஆற்றுப் பாலம் என்னும் ஆங்கிலப் படம் வந்தது. அது எடுக்கப்பட்ட இடம் சயாமன்று, இலங்கையின் கித்துல்கல. படத்தில் தலைமை அதிகாரி எதிரிக்குப் பெருமையுடன் பாலம் கட்டித் தருகிறார். உண்மையில் தாமர்க்கான் முகாமின் தலைவராயிருந்த பிலிப் டூசி தம் வீரர்களின் உயிரைக் காப்பதிலேயே கருத்தாக இருந்தவர். பெரிய பாலமும் மரத்தாலானதன்று. ஜாவாவிலிருந்து கொண்டுவந்த இரும்பாலானது. படம் நல்ல படந்தான். ஆயினும் அதனைப் பார்த்து வரலாறு கற்கலாகாது. அந்தப் பாதையில் தமிழர் இருந்தனர் என்பதே அதனைப் பார்த்தவர்க்குத் தோன்றாது.

எழுதத் தெரியாதவனுடைய நினைவைக் காப்பதற்கு வழியே இல்லையா என்றால், உண்டு; குரலைக் காக்கலாம். முதல் உலகப் போரில் ஜெர்மானியரிடம் சிறைப்பட்ட இந்திய வீரர்கள் பெர்லினுக்கு அருகில் பிறைநிலா முகாமில் இருந்தபோது, மொழி ஆராய்ச்சிக்காக அவர்கள் குரலை இசைத்தட்டுகளில் பதிந்தனர். நெய்யையும் ஊரையும் நினைத்து ஏங்கும் ஒரு பஞ்சாபி வீரனின் குரல் 1916ஆம் ஆண்டிலிருந்து இன்றும் கேட்கிறது. அதே போரில் துருக்கியரிடம் கூத் நகரில் சிறைப்பட்டுப் பாக்தாத் இருப்புப் பாதை வேலைக்கு அனுப்பப்பட்ட இந்தியரும் உளர்; அந்தச் சிறைவாழ்வை அறிவதற்குக் காலணிக்குள் குறிப்புகளை மறைத்துவந்த சிசிர் சர்வாதிகாரி என்னும் வங்காளியின் நூல் பெருந்துணை செய்கிறது. சிங்கப்பூரில் 1979இல் தொடங்கிய வாய்மொழி வரலாற்றுத் துறை, ஜப்பானியர் ஆட்சிக் காலத்தைக் கண்டோரின் குரல்களைப் பதிவு செய்துவருகிறது. மலேசியத் தமிழ் எழுத்தாளர் சண்முகம் 'சயாம் மரண ரயில்' என்னும் நாவலில் இவ்வரலாற்றைத் தமிழில் நிறுத்தினார். ஆனால் தமிழ்நாட்டுக்குத் திரும்பிவந்தவர்களை நாடித் திரட்டிய குரல்கள் மிகச் சொற்பம். அவர்களுள் பெரும்பாலோர் இன்றில்லை. அவர்களுடைய பேரப்பிள்ளைகள் விருத்தாசலத்தைச் சூழ்ந்த ஊர்களிலும் இருக்கக்கூடும். வீட்டுப் பரணில் ஒரு பழைய மலேயா அடையாளச் சீட்டோ கப்பற்சீட்டோ கிடந்தால், அதனை எடைக்குப் போடுமுன் யாருடையது என்று கேட்டுப் பாருங்கள்.

காஞ்சனபுரியில் போர்க்கைதிகளுக்கு அழகிய கல்லறைத் தோட்டம் இருக்கிறது. ஏறத்தாழ 7,000 கல்லறைகள். பெயர், படைப்பிரிவு, வயது யாவும் பொறிக்கப்பட்டுப் புல் ஒழுங்காக வெட்டப்பட்டிருக்கும். தமிழர்கள் எங்கே புதைந்தனர் என்பதற்கு அடையாளம் இல்லை. 1990இல் அவ்வூரில் வயல் ஒன்றைத் தோண்டியபோது நூற்றுக்கணக்கானோரின் எலும்புகள் வெளிப்பட்டன. ஆசியத் தொழிலாளருடையவை என்று அறியப்பட்டன. 2023ஆம் ஆண்டு மே முதல் நாள், காஞ்சனபுரியிலுள்ள ஒரு பௌத்த விகாரத்தில், இறந்துபட்ட தமிழர்களுக்காக நடுகல் ஒன்று நாட்டப்பட்டது. போரில் பட்ட வீரனுக்குக் கல் நடுவது நம் பழைய மரபு. ஆயுதமே ஏந்தாமல் மாண்ட கூலித் தொழிலாளிக்கு அம்மரபு எண்பது ஆண்டு கழித்து வந்து சேர்ந்தது.

பாதையின் பெரும்பகுதி போருக்குப் பின் பெயர்க்கப்பட்டது. சயாம் பக்கத்தில் நாம் தோக் என்னும் நிலையம் வரையில் இன்றும் பயணிகள் வண்டி ஓடுகிறது. அதற்கப்பால் காட்டுக்குள் மேடும் வெட்டுப்பாறையும் மட்டும் தெரியும். இன்னும் மேலே சென்றால், 1980களில் கட்டிய அணையின் நீர்த்தேக்கத்துக்கு அடியில் அந்தப் பழைய பாதையின் ஒரு பகுதி மூழ்கிக் கிடக்கிறது.